ஈர நீச்சலுடை: உடையையும் தோலையும் காக்கும் அரை மணி நேரம்

ஏப்ரல் பிறந்தால் சென்னை நீச்சல் குளங்களில் கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடும். காலை வகுப்பு முடிந்ததும் பல பிள்ளைகள் ஈர நீச்சலுடையின் மேலேயே டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் துண்டைப் போட்டு உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே டிபன் முடிந்து, டிவி பார்த்து, அம்மா இரண்டு முறை அதட்டிய பிறகுதான் உடை உடம்பை விட்டு இறங்குகிறது. இறங்கியதும் பிளாஸ்டிக் கவருக்குள் சுருண்டு, மறுநாள் காலை வரை அங்கேயே கிடக்கிறது.

மாதக் கடைசியில் இரண்டு குறைகள் சேர்ந்தே வரும். வாங்கிய புது உடை தொளதொளத்துவிட்டது என்பது ஒன்று. பிள்ளைக்குத் தொடையிடுக்கில் அரிப்பு என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கடைக்காரரையும் இரண்டாவதற்குக் குளத்துத் தண்ணீரையும் திட்டுகிறோம். பெரும்பாலும் இரண்டும் குளத்தை விட்டு ஏறிய பிறகு நாம் செய்யத் தவறியதால் வருபவை.

குளோரின் துணியை என்ன செய்கிறது?

பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். நூல் பிசிறு உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். அதனால்தான் நைலான் அல்லது பாலியஸ்டரோடு எலாஸ்டேன் இழை சேர்த்து நெய்த உடையைக் கேட்கிறார்கள். லைக்ரா என்ற வணிகப் பெயரில் நாம் அறிந்த இழை இதுதான். 1958-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் இதை உருவாக்கினார். இழுத்தால் பல மடங்கு நீண்டு, விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிடும். உடை உடம்போடு ஒட்டி நிற்பது இந்த இழையின் தயவால்தான்.

இதே இழைதான் குளோரினுக்கு முதலில் பலியாகிறது. ஒரு லிட்டர் குளத்து நீரில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருப்பது வழக்கம். கிருமிகளைக் கொல்ல அது தேவை. ஆனால் அலசாமல் விட்ட உடையில் அது தன் வேலையைத் தொடர்கிறது. வெயிலும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். ஒரு பழைய நீச்சலுடையின் இருக்கைப் பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். துணி கொசுவலை மாதிரி ஒளியைக் கசியவிடும். மேலே முடி போல வெள்ளை இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும். அறுந்த எலாஸ்டேன் அது. எந்தச் சோப்பும் அதை மீட்டுத் தராது.

தினமும் நீந்துபவர்கள் எலாஸ்டேன் குறைவாக உள்ள பாலியஸ்டர் உடையை வாங்கலாம். தொடும்போது சற்று முரடாக இருக்கும், ஆனால் நைலான் உடையைவிடக் குளோரினை வெகுநாள் தாங்கும். உடையின் உள்பக்கத் துணிப்பட்டையில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

இறங்குவதற்கு முன்

ஷவரில் நன்றாகக் குளித்துவிட்டே குளத்தில் இறங்க வேண்டும். நல்ல தண்ணீரில் முன்பே ஊறிய துணியும் முடியும் குளத்து நீரைக் குறைவாகவே இழுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ‘குளோரின் நாற்றம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் குளோரின் மட்டுமல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி. கண் எரிவதும் அதனால்தான். எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் அந்த நெடி குறையும்.

ஏறியதும் அந்த அரை மணி நேரம்

குளத்தடியிலேயே ஷவரில் உடையோடு நின்று ஒரு நிமிடம் அலசுங்கள். உடனே கழற்றி, உடம்பைத் துடைத்து, தொடையிடுக்கையும் கால் விரலிடுக்குகளையும் ஈரமில்லாமல் ஒற்றி, உலர்ந்த பருத்தி உள்ளாடைக்கு மாறுங்கள். பிள்ளைகளுக்கு மாற்றுடை எடுத்துப் போவதை மட்டும் மறக்கவே கூடாது.

வீட்டில் உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் சில துளி மென்மையான திரவ சோப்பு விட்டுக் கையால் கசக்கினால் போதும். வாஷிங் மெஷின், வெந்நீர், பிளீச்சிங், கம்ஃபர்ட் வகை மென்மையூட்டிகள் எதுவும் வேண்டாம். வினிகரில் ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள். நல்ல தண்ணீரில் உடனே அலசியிருந்தால் அதற்கு அவசியமே இல்லை. பிளீச்சிங்கோடு வினிகர் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். சன்ஸ்கிரீன் தடவுபவர்களுக்கு ஒரு செய்தி: அவோபென்சோன் உள்ள களிம்பு, இரும்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரோடு சேர்ந்தால் துணியில் துருக்கறை விழும்.

பிழிந்து முறுக்காமல், துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தி, நிழலில் காற்றோட்டமாகக் காயப்போடுங்கள். உள்ளாடையை நல்ல வெயிலில் உலர்த்தச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பருத்திக்கு அது சரியான வழக்கம். எலாஸ்டேனைச் சுள்ளென்ற வெயில் கெடுத்துவிடும். வெளித்துணி காய்ந்த பிறகும் உட்துணியும் எலாஸ்டிக் ஓரமும் ஈரமாகவே இருக்கும். விரலால் தொட்டுப் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். முகாம் நாட்களில் இரண்டு உடை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

தோலில் வரும் தொல்லைகள்

ஈரமும் சூடும் உராய்வும் ஒன்றாகச் சேரும் இடம் தொடையிடுக்கு. பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. ஓரம் தடித்து, வட்டமாகப் பரவி, நடுவில் வெளிறும் அரிப்பு என்றால் அது படர்தாமரையாக இருக்கலாம். பெண்களுக்குக் கேண்டிடா பூஞ்சைத் தொற்றுக்கும் ஈர உடை வழிவிடும். சரியாகப் பராமரிக்காத குளத்தில் சூடோமோனாஸ் கிருமி இருந்தால், உடை மூடியிருந்த இடங்களில் ஓரிரு நாளில் சிவந்த கொப்புளங்கள் கிளம்பும்.

இங்கேதான் நான் மிகவும் கவலைப்படுவது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், தோலும் மெலியும். 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிடப்பட்ட பூஞ்சை இந்தியாவில் பரவலாக இருக்கிறது. டெர்பினாஃபின் மருந்துக்கு அது பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. ஆகவே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்பு நின்றுவிட்டது என்று மருந்தைப் பாதியில் விடாதீர்கள். துண்டையும் நீச்சலுடையையும் யாரோடும் பகிர வேண்டாம். கேளிக்கைப் பூங்காக்களில் வாடகைக்குத் தரும் உடைகளையும் தவிர்த்து, சொந்த உடையையே கொண்டுபோங்கள்.

குளம் நடத்துபவர்களுக்கு

உடை மாற்றும் அறையில் ஓடும் ஷவர், தாழ்ப்பாள் உள்ள கதவு, ஈர உடையைத் தொங்கவிட நாலு கொக்கி. இவை இல்லாததால்தான் பல பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஈரத்தோடு வீடு திரும்புகிறார்கள். முகாம் கட்டணம் கட்டும் பெற்றோர், பணம் கொடுப்பதற்கு முன் அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.