முட்டிக்கு முதல் செலவு கிராங்க்

செங்காங் ஆற்றோரப் பூங்காவையும் பொங்கோல் நீர்வழியையும் தொட்டுச் செல்லும் வடகிழக்கு ஆற்றோர வளையப் பாதை 26 கிலோமீட்டர். பெரிய மேடு எதுவும் இல்லை. இப்படியொரு பாதை வீட்டு வாசலில் இருக்க, முட்டி வலிக்கிறது என்று சைக்கிளை விற்றுவிட நினைக்கும் மூத்தோருக்காகவே இதை எழுதுகிறேன். முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிள் அவர்களுக்கு நல்ல வழி. ஆனால், பாகங்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

சாதாரண சைக்கிளில் உடம்பு எடைக்கு மேல் அழுத்தினால் உடம்பு சீட்டைவிட்டு எழும்பிவிடும். சாய்வு வண்டியில் முதுகுக்குத் தாங்கல் இருப்பதால், காலுக்கு இருக்கும் பலம் முழுவதையும் கொடுத்து உதைக்கலாம். அந்த அழுத்தம் முட்டிச்சில்லில்தான் போய் விழும். கனமான கியரில் மிதித்தால், வலிக்குப் பயந்து வாங்கிய வண்டியே வலியைக் கூட்டிவிடும்.

சரியான பாகங்கள் கடையில் எளிதில் கிடைக்காததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1933இல் சார்ல் மோஷே செய்த சாய்வு வண்டியில் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். மறு ஆண்டே அனைத்துலக சைக்கிள் சங்கம் சாய்வு வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாத வண்டியைக் கடைக்காரர்கள் ஏன் தேடப் போகிறார்கள்? இன்றும் இதற்கான பாகங்களை நாமேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. வழக்கமான நீளம் 170 மில்லிமீட்டர். அதை 150 ஆக்கி, பெடல் பகுதியை 20 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால், கால் நீளும் தூரம் மாறாது. ஆனால் கால் மடங்கி அருகில் வரும் இடத்தில் 40 மில்லிமீட்டர் மிச்சமாகும். மடக்கினால் வலிக்கும் முட்டிக்கு இது பெரிய தூரம். கிராங்க் குட்டையானால் நெம்பும் பலம் குறையும். ஆகவே முன் பல்சக்கரத்தையும் சிறிதாக்குங்கள். 39 பல் இருந்த இடத்தில் 34 போதும்.

தூரத்தைச் சரிபார்க்க, ஓட்டும்போது போடும் செருப்பு அல்லது ஷூவோடு உட்காருங்கள். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, குதிகாலைப் பெடலில் வைத்துக் காலை நீட்டினால் முட்டி நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் லேசாக மடங்க வேண்டும். பொதுவாக, முட்டிக்கு முன்னால் வலித்தால் இருக்கை மிக அருகில் இருக்கிறது அல்லது கியர் கனம். பின்னால் வலித்தால் இருக்கை தள்ளிப்போய்விட்டது. வீக்கம் இருந்தால் வண்டியைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள்.

கியரில், வண்டி நிற்கும்போதே மாற்றக்கூடிய, பின்சக்கர மையத்துக்குள் அமைந்த வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். சிக்னலில் திடீரென்று நிற்க நேர்ந்தாலும், லேசான கியருக்கு மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதுதான் முட்டிக்குச் சோதனை. முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மூன்று சக்கரச் சாய்வு வண்டிகள் பல தரையை ஒட்டியிருக்கும். பின்னால் இரண்டு சக்கரம் வைத்தவற்றில் நாற்காலி உயர இருக்கை கிடைக்கும். மூத்தோருக்கு அதுவே மேல். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அந்த வேகத்தில் இரண்டு சக்கரச் சாய்வு வண்டி தள்ளாடும்; அதனால்தான் மூன்று சக்கரம்.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். வீவக அடுக்குமாடி லிஃப்டில் வண்டி நுழைய வேண்டும். தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

பணம் போடத் தயக்கமாக இருந்தால், கிராங்கில் பொருத்திப் பெடலை உள்ளே நகர்த்தும் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றை மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். முட்டி லேசானால் குட்டைக் கிராங்கை வாங்குங்கள்.