சிலிண்டர் இருக்கா பாஸ்?

ராயபுரம், எண்ணூர் மக்களே... செமஸ்டர் லீவுக்கு ஏலகிரி போலாமா? ஜோலார்பேட்டையில ரயில் இறங்கினா, 14 கொண்டை ஊசி வளைவு தாண்டி மலை. அங்கே சமையல்கட்டோட வீடு வாடகைக்குக் கிடைக்கும். ஹோட்டல் செலவு மிச்சம்!

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்க: சிலிண்டர், பாத்திரம், குடிதண்ணி இருக்கா? காசிமேட்டுக் கருவாடு மறக்காதீங்க. வெங்காயம் நறுக்க, பாத்திரம் தேய்க்க முறை போட்டுக்குங்க. ரெண்டாம் நாளே அம்மா ஞாபகம் வரும்!

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல அமோனியா கசிஞ்சு, ஜனங்க மூக்கைப் பொத்திட்டு வீட்டை விட்டு ஓடினது மறக்குமா? காலையில அந்த மலைக்காத்தை நெஞ்சு நிறைய இழுத்துப் பாருங்க. இது நம்ம தெருவுல ஏன் இல்லேன்னு ஒரு கேள்வி வரும். அதையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க!