ஒற்றைப் பாலமும் கோடி விரல்களும்

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தால் போய்வந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு மறந்திருக்காது. வாழைச்சேனைக் களப்பைக் கடக்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் அந்த ஒரே பாலம்தான். ரயில் வரும் நேரம் கேற் மூடப்பட்டால் வாகனங்கள் வரிசை கட்டும். வரிசை நீண்டு சந்தி வரைக்கும் வந்துவிட்டால், பாலத்தைக் கடக்கத் தேவையே இல்லாதவரும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான். இன்று பக்கத்திலேயே புதிய பாலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய நெரிசல் நம் கைத்தொலைபேசிக்குள் குடிவந்திருக்கிறது.

நவம்பர் 11 அன்று டராஸ் போன்ற இணையக் கடைகள் மலிவு விற்பனையைத் திறக்கும்போது, ஒரே நிமிடத்தில் எத்தனையோ விரல்கள் ஒரே பொத்தானைத் தேடி வருகின்றன. அந்த நெரிசலில் கடை எப்படி விழாமல் நிற்கிறது?

விழுந்த கதையிலிருந்து தொடங்கலாம். 2014 ஒக்டோபர் 6 அன்று இந்தியாவின் பிளிப்கார்ட் ‘பிக் பில்லியன் டே’ விற்பனையை நடத்தியது. பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 600 கோடி இந்திய ரூபாவுக்கு வியாபாரம். ஆனால் தளம் திணறியது, பொருட்கள் கண்முன்னே தீர்ந்தன, பெற்ற ஓடர்கள் சில ரத்தாகின. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். சுமார் 5,000 சேர்வர்களை நிறுத்தி, வழமையைவிட 20 மடங்கு கூட்டத்துக்கு ஆயத்தமாக இருந்தும் வந்த கூட்டம் அதையும் தாண்டிவிட்டது என்றார்கள்.

வரிசைக்கென்று ஒரு கணிதம் உண்டு. கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக அக்னர் எர்லாங் அதற்கு 1909இல் அடித்தளம் போட்டார். ஒரு காசாளர் ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது, ஆட்கள் ஒழுங்கில்லாமல் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசாளர் பாதி நேரம் வேலையாக இருந்தால், வருபவர் வேலை முடித்துப் போகச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். 90 வீதம் என்றால் 10 நிமிடம். 99 வீதம் என்றால் 100 நிமிடம்! காசாளர் மெதுவாகவில்லை, 90 வீதத்திலிருந்து 99க்குப் போகக் கூட்டம் கொஞ்சம்தான் கூடியது. ஆனாலும் காத்திருப்பு மலையளவாகிவிடுகிறது. சேர்வருக்கும் இதே விதிதான்.

இதில் மனித சுபாவமும் சேர்ந்துகொள்கிறது. திரை சுற்றிக்கொண்டே இருந்தால் நாம் மறுபடியும் மறுபடியும் அழுத்துவோம். ஒரு கோரிக்கை மூன்றாகிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் சேர்வரின் மேல் இன்னும் இரண்டு மடங்கு சுமை ஏறுகிறது. வங்கியின் பதில் தாமதித்தால் பணம் செலுத்தும் பகுதி நிற்கும். அதற்காகக் காத்து ஓடர் பகுதி நிற்கும். கடைசியில் பொருளைப் பார்க்க மட்டும் வந்தவருக்கும் பக்கம் திறக்காது. ஓட்டமாவடிச் சந்தியில் நடந்தது இதுதானே?

பொறியியலாளர்கள் கண்ட வழிகள் அழகானவை. எல்லாருக்கும் பொதுவான பொருட்படத்தையும் விவரத்தையும் பல இடங்களில் பிரதியெடுத்து வைக்கிறார்கள். இருப்பும் பணமும் மட்டும் மூலச் சேர்வருக்குப் போகும். ஒவ்வொரு ஓடருக்கும் தனி அடையாள இலக்கம் கொடுக்கிறார்கள். மூன்று தடவை அழுத்தினாலும் பணம் ஒரு தடவைதான் கழியும். ஒரு பகுதி பழுதானால், வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுவதுபோல் அதன் தொடர்பைத் துண்டித்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறார்கள்.

பதில் வராத செயலி 1, 2, 4, 8 வினாடி என்று இடைவெளியை இரட்டித்துத்தான் மறுபடி முயலும். அத்தோடு ஒவ்வொரு கைத்தொலைபேசியும் தாறுமாறாகச் சில நொடிப்பின்னங்களைச் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கணத்தில் திரும்பி வந்து மறுபடி முட்டும். ஒழுங்கைக் காக்க ஒழுங்கின்மையை மருந்தாகக் கொடுக்கிறார்கள்!

கூட்டம் அதையும் மீறினால் தியாகம் செய்கிறார்கள். 2018 ஜூலையில் பிரைம் டே விற்பனையின் தொடக்கத்தில் தடுமாறிய அமேசான், முகப்பை எளிய வடிவத்துக்கு மாற்றியது என்று செய்திகள் வந்தன. அலங்காரத்தை விட்டுக்கொடுத்து விற்பனையைக் காப்பது கடைசிக் கவசம். இவற்றையெல்லாம் விற்பனைக்கு முன்னரே போலிக் கூட்டத்தை அனுப்பி ஒத்திகை பார்க்கிறார்கள். 2020 நவம்பர் விற்பனையில் சீனாவின் அலிபாபா உச்ச நேரத்தில் வினாடிக்கு 583,000 ஓடர்களைத் தாங்கியது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாடு நாம். கியூ.ஆர். அட்டை வந்தபோது ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த ஒதுக்கீடு வைத்தார்கள். இலக்கத்தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாளையும் பிரித்தார்கள். பெற்றோல் ஒரே இரவில் பெருகவில்லை. கூட்டம் ஒரே நேரத்தில் வராமல் பரந்தது, வரிசை குறுகியது.

வருகிற எல்லாரையும் ஒரே கணத்தில் உள்ளே விடும் பாலம் உலகில் இல்லை. யாரை எப்போது விடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்த பாலம்தான் நிற்கும். அடுத்த மலிவு விற்பனையில் திரை சுற்றிக்கொண்டே நின்றால், பொத்தானிலிருந்து விரலை எடுத்துச் சற்றுப் பொறுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கும் அது உதவி.