பாட்டில் அடியிலிருந்து ஒரு அம்புமுனை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பின்னாடி லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. கொடுங்கையூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்துதான் இத ரெக்கார்ட் பண்றேன். என் முன்னாடி ஒரு பழைய பெட்ஷீட், அது மேல ஒரு தோல் துண்டு, மரப்பிடியில சொருகின ஒரு காப்பர் கம்பி. அப்புறம் பழுப்புக் கலர்ல ஒரு அம்புமுனை. கட்டைவிரல் நகத்த விடக் கொஞ்சம் பெருசு, ஒரு காது உடைஞ்சிருக்கு. இத செய்ய ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஆனா இந்த அளவுக்குக் கை பழக எட்டு மாசம் ஆச்சு.

கல் ஆயுதம்னு சொன்னதும் எல்லாருக்கும் தோணற படம் ஒண்ணுதான்: ஒரு ஆள் கல்ல எடுத்து இன்னொரு கல்லு மேல போட்டு உடைக்கறான். அது பாதிக் கதை. அடிச்சு உடைச்சா பெரிய சில்லு வரும், உருவம் வரும். ஆனா மெல்லிசா, ரம்பம் மாதிரி ஓரத்தோட ஒரு அம்புமுனை வேணும்னா அடிச்சு சரிப்படாது. கூரான ஒரு முனைய ஓரத்துல வெச்சு, மெதுவா அழுத்தி, சில்லு சில்லா உரிக்கணும். அதுக்குப் பேர்தான் ப்ரெஷர் ஃப்ளேக்கிங். நான் அழுத்திச் செதுக்கறதுன்னு சொல்லிக்கறேன்.

வட சென்னைக்காரனுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல கலக்கற கொசஸ்தலை ஆறு இருக்கே, அதே ஆத்தோட மேல போனா, பூண்டி ஏரிப் பக்கம் அத்திரம்பாக்கம்னு ஒரு ஊர். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட்னு ஒரு நிலவியல்காரர் பல்லாவரத்துல ஒரு பழைய கற்காலக் கருவிய எடுத்தார். அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் போனாங்க. அதுக்கப்புறம் நம்ம காலத்துல சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்க வருஷக்கணக்கா தோண்டினாங்க. அடியில கிடைச்ச கைக்கோடரிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷ வயசுன்னு 2011-ல அறிவிச்சாங்க. ஃபுட் சேர்த்து வெச்சதெல்லாம் 1904-ல சென்னை மியூசியத்துக்கு வந்தது. எழும்பூர்தான், பஸ் ஏறினா போயிடலாம்.

ஆனா ஒரு தப்ப இங்கயே சரி பண்ணிடறேன், நானும் பண்ண தப்புதான். அந்தக் கைக்கோடரிகள் அழுத்திச் செதுக்கினது இல்ல. அது குவார்ட்சைட், மணல் மணலா இருக்கற முரட்டுக் கல். அத அடிச்சுத்தான் செய்ய முடியும். அழுத்தற வேலை ரொம்பப் பின்னாடி வந்தது. தென்னாப்பிரிக்காவுல ப்ளோம்போஸ் குகையில, சுமார் 75,000 வருஷத்துக்கு முன்னாடி, கல்ல நெருப்புல சூடாக்கி அப்புறம் அழுத்திச் செதுக்கியிருக்காங்கன்னு 2010-ல எழுதினாங்க. நம்ம பக்கத்துல இந்த வேலைய எங்க தேடணும்னா, தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடலோரத் தேரிக் காட்டுல. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கம் செம்மணல் மேடுகள்ல சின்னச் சின்னக் கல் கருவிகள் கிடைச்சிருக்கு. ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-ல அதப் பத்தி எழுதினாங்க. அதுல ரெண்டு பக்கமும் செதுக்கின குட்டி முனைகளும் உண்டு. கடல் தாண்டி இலங்கையிலயும் அதே ஜாடையில கிடைக்குது. அங்க அதுக்கு பலாங்கொடை முனைன்னே பேர். பெரும்பாலும் குவார்ட்ஸ்ல செஞ்சது. ஒரு பாட்டில் கண்ணாடிய ஒழுங்கா உரிக்க எட்டு மாசம் எடுத்துக்கிட்டவன் சொல்றேன்: குவார்ட்ஸ்ல அந்த வேலைய செஞ்சவங்க கைய நினைச்சா எனக்கு பயமா இருக்கு.

சரி, நான் ஏன் கண்ணாடி? ரெண்டு காரணம். ஒண்ணு, பழைய கருவி கிடைக்கற இடத்துல போய் கல்லு பொறுக்கக் கூடாது. நீங்க சும்மா ஒரு கல்லுன்னு எடுக்கறது ஒருத்தரோட ஆராய்ச்சியில ஒரு பக்கமா இருக்கலாம். நீங்க செஞ்சத அங்க போட்டுட்டு வந்தா அது இன்னும் மோசம். ரெண்டாவது, கண்ணாடி நல்ல சரக்கு. கல்லு எந்தப் பக்கம் போடும், உள்ள விரிசல் இருக்குமான்னெல்லாம் யோசிக்க வேணாம், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உடையும். இது ஒண்ணும் குறுக்கு வழியும் இல்ல. கலிஃபோர்னியாவுல 1911-ல காட்டுலேர்ந்து வெளியே வந்த இஷி, யாஹி மக்கள்ல கடைசி ஆள், சான் ஃபிரான்சிஸ்கோ மியூசியத்துல உட்கார்ந்து பாட்டில் கண்ணாடியில அம்புமுனை செஞ்சு காட்டினார். ஆஸ்திரேலியாவோட கிம்பர்லி பகுதியில பூர்வகுடிகள் பாட்டில்லயும், தந்திக் கம்பத்துப் பீங்கான்லயும் ஈட்டிமுனை செஞ்சாங்க.

சென்னையோட குப்பை ஏக்கர் கணக்குல கிடக்கற ஊர்ல எனக்குக் கண்ணாடிக்கா பஞ்சம்? எங்க தெரு முனையில பழைய பாட்டில் கடை வெச்சிருக்கற மாமாகிட்ட போய் உடைஞ்ச பீர் பாட்டில் அடி கேட்டேன். “இன்னாபா, நல்லத விட்டுட்டு உடைஞ்சத எடுத்துனு போற?”ன்னு சிரிச்சார். காசு வாங்கல.

இப்ப வேலைக்கு வருவோம். கண்ணாடி எப்படி உடையுதுன்னு மொதல்ல புரியணும். ஜன்னல் கண்ணாடியில ஏர்கன் குண்டு பட்டா இந்தப் பக்கம் சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் புனல் மாதிரி விரிஞ்ச பள்ளம். விசை உள்ள கூம்பா விரிஞ்சு போகுது. அதே விசைய நீங்க ஓரத்துல குடுத்தீங்கன்னா அந்தக் கூம்புல ஒரு துண்டு மட்டும் சில்லாக் கழண்டு வரும். அத வெளிச்சத்துல பாருங்க, காசிமேட்டுல கிடக்கற சிப்பி ஓடு மாதிரி அலை அலையா வரி இருக்கும்.

இடது உள்ளங்கையில தோல், தோல் மேல கண்ணாடி, விரலால இறுக்கிப் பிடிச்சுக்கறோம். கம்பி முனைய ஓரத்துல வைக்கறோம். இப்ப எல்லாரும் பண்ற தப்பு, கம்பிய கீழ அமுக்கறது. அப்படி அமுக்கினா ஓரம் நொறுங்கும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு உள்ள தள்ளணும், அதோட நடு வயித்தப் பாத்து. நல்லா பாரம் ஏறின பிறகு, கடைசியில லேசா கீழ. ‘டிக்’னு ஒரு சத்தம். சில்லு மேல் பக்கம் வராது, அடிப்பக்கத்துலேர்ந்து கழண்டு உங்க உள்ளங்கைத் தோல்ல விழும். அதனால கிழியாத தோலா இருக்கணும். என்னோடது செருப்பு தைக்கற அண்ணன் குடுத்தது. அப்புறம், பலம் மணிக்கட்டுலேர்ந்து வரக் கூடாது. ரெண்டு கையையும் தொடைக்கு நடுவுல வெச்சு, முட்டிய நெருக்கினா கால் பலம் கைக்கு வரும். இது தெரியாம ரெண்டு மாசம் மணிக்கட்டு வலியோட சுத்தினேன்.

ஆனா இதெல்லாம் தெரிஞ்சும் நாலஞ்சு மாசம் எனக்கு ஒரு சில்லு கூட நீளமா வரல. எல்லாம் பாதியில நின்னு படிக்கட்டு மாதிரி வெட்டு விழும். வேற பலமான கம்பி, வேற தோல், எல்லாம் மாத்திப் பாத்தேன். கடைசியில பிரச்சினை வேற எங்கயோ இருந்தது. ஓரம் ரொம்பக் கூரா இருந்தா அது பாரம் தாங்காது, நொறுங்கும். ஒவ்வொரு வரிசை உரிச்சதும் ஓரத்த சாணைக்கல்லுல நல்லா உரசி மழுக்கணும். கூர் வேணும்னு உட்கார்ந்தவன் முக்கால்வாசி நேரம் கூர மழுக்கிட்டுத்தான் இருக்கேன். உரசி, அழுத்தி, திருப்பிப் போட்டு, மறுபடி உரசி. இந்தப் பக்கம் விழுந்த ரெண்டு தழும்புக்கு நடுவுல ஒரு மேடு இருக்கும், அடுத்த சில்லு அந்த மேட்டப் பிடிச்சுட்டுத்தான் ஓடும். அதனால கம்பிய அந்த மேட்டுக்கு நேரா வைக்கணும். கீழ்க் காது வெட்டறது கடைசி வேலை. என்னோடது பெரும்பாலும் அங்கதான் உடையும்.

கண்ணாடி போடாம உட்காராதீங்க. வெல்டிங் கடைகள்ல கிரைண்டிங்குக்குப் போடற மூடின கண்ணாடி போதும். திறந்த இடத்துல, மாஸ்க்கோட செய்யுங்க. பாட்டில் தூள் ஒரு தொல்லைதான், ஆனா குவார்ட்ஸ், அகேட் தூள் உயிரெடுக்கும். குஜராத் கம்பாத்துல அகேட் தேய்க்கற தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்து நுரையீரல் கெட்டுப் போறது ரொம்ப நாளா நடக்கற கொடுமை.

இன்னொண்ணு. இத சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

ஒரு அம்புமுனைக்கு நூத்துக்கணக்குல சில்லு விழும். ஆரம்பத்துல அத பெட்ஷீட்ட உதறி, ஒரு கேரி பேக்ல கட்டி, வீட்டுக் குப்பையோட போட்டுட்டேன். ரெண்டு மூணு வாரம். எங்க தெருக் குப்பைத் தொட்டியில பிளாஸ்டிக் பொறுக்கற ஒரு அக்கா இருக்காங்க, அம்மாவுக்குப் பழக்கம். ஒரு நாள் அவங்க கையில துணி சுத்திட்டு வந்தாங்க. கவரப் பிரிக்கும்போது மூணு விரல் கிழிஞ்சிருக்கு. “என்னமோ பொடிக் கண்ணாடிம்மா, கண்ணுக்கே தெரியல”ன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. பீர் பாட்டில் கலர் துண்டு ஒண்ணு அந்தத் துணியில ஒட்டியிருந்தது. நான் வாசல்லயே நின்னுட்டிருந்தேன். அன்னைக்கு சொல்லல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் போய் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், “அப்போ டப்பாவுல போட்டுக் குடுத்திருக்கலாம்ல தம்பி”ன்னு மட்டும் கேட்டாங்க. பத்து நாள் அவங்க வேலைக்குப் போகல. அந்தப் பத்து நாள் கூலிய அம்மாவும் நானும் குடுத்தோம். வாங்க மாட்டேன்னு ரொம்ப நேரம் சொன்னாங்க.

ஒரு பழைய இடத்துல ஆளுங்க உட்கார்ந்து கருவி செஞ்சாங்கன்னு தொல்லியல்காரங்க எப்படிக் கண்டுபிடிக்கறாங்க தெரியுமா? செஞ்ச அம்பு வேட்டைக்காரனோட போயிடும். உட்கார்ந்த இடத்துல கிடக்கறது சில்லுதான். அத வெச்சுத்தான் எந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்தான், எத்தனை தடவை தப்பு பண்ணான்னெல்லாம் சொல்றாங்க. படிக்கும்போது ரொம்ப அழகா இருந்தது. என் சில்லு எங்க கிடக்குதுன்னு நான் யோசிக்கல.

இப்ப பெட்ஷீட்ட நாலு மூலையும் சேர்த்துத் தூக்கி, நேரா ஒரு மூடி போட்ட பெயின்ட் டப்பாவுல கொட்டிடறேன். தரைய ஈரத் துணியால ரெண்டு தடவை துடைக்கறேன், அந்தத் துணியும் டப்பாவுக்குள்ள. டப்பா மேல மார்க்கர்ல பெருசா ‘கண்ணாடி’ன்னு எழுதியிருக்கு. நிறைஞ்சா பாட்டில் கடை மாமாகிட்ட குடுத்துடுவேன், உருக்கப் போற உடைசலோட போயிடும். போன ஞாயித்துக்கிழமை குடுக்கும்போது தூக்கிப் பாத்து, “ஒரு கிலோ தேறும்பா”ன்னார். எட்டு மாசத்துல ஒரு கிலோ சில்லு, ஒம்பது அம்புமுனை. அதுல ரெண்டு காதும் இருக்கறது மூணுதான்.