முற்றத்தில் தோட்டம்: கல் தளத்தைப் பெயர்க்காதீர்கள்

'தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடு. முற்றம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கல் தளத்தைப் பெயர்த்துவிட்டு மண் நிரப்பித் தோட்டம் போடலாம் என்கிறான் மகன். செய்யலாமா?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெயர்க்க வேண்டாம் அம்மா. முற்றம் வெளிச்சத்துக்காக மட்டும் விட்ட இடமல்ல. நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் இறங்கி வெளியேறும் வழி. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. மழைக்கு 1,200 லிட்டர் உள்ளே விழும். அதைத் தூம்பு வழியே வெளியே தள்ளத்தான் கல் பாவி வாட்டம் கொடுத்தார்கள். மண்ணைக் கொட்டினால் தூம்பு அடைபடும். ஈரம் அஸ்திவாரத்தில் இறங்கும். சுண்ணாம்புச் சுவர் அதை உறிஞ்சி, உப்புப் பூத்து உதிரும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் கெடும். தோட்டத்துக்கு ஆசைப்பட்டு வீட்டை இழக்கக் கூடாது.

பழைய முற்றங்களில் செடி குறைவுதான். செட்டிநாட்டு வீடுகளின் பெரிய முற்றம் பெரும்பாலும் வெறும் கல் தளம். செடி கொடியெல்லாம் கொல்லையில். ஆகவே நடுவில் ஒரு துளசி மாடம், ஓரங்களில் ஏழெட்டுத் தொட்டிகள், மீதி வெற்றிடம். நெல்லும் வடகமும் காயப்போட இடம் வேண்டாமா?

தொட்டி வைக்கும் முன் ஒரு நாள் முழுக்க வெயில் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வையுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் முற்றத்தின் வட பக்கத்துக்குத்தான் வெயில் வரும். வெயில் கேட்கும் மல்லிகையும் மருதாணியும் அங்கே. நிழல் தாங்கும் வெற்றிலைக் கொடி, கற்பூரவல்லி, நந்தியாவட்டை தென் பக்கம். முருங்கை வேண்டவே வேண்டாம். காற்றில் கிளை முறிந்து ஓட்டின் மேல் விழும்.

இறவாணத்துத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேராகத் தொட்டி வைக்காதீர்கள். ஒரே மழையில் மண் கரைந்து வேர் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, அடியில் மூன்று செங்கல் கொடுத்து வையுங்கள். தண்ணீர் தடையில்லாமல் ஓடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் போதும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் பொட்டல மண்ணுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

பழைய கல்தொட்டி இருந்தால் அல்லி வளர்க்கலாம். ஆனால் டெங்கு கொசு முட்டையிடுவதே இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். நாலைந்து கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். மீன் இல்லாத பாத்திரங்களை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் தூம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். தொட்டி வாங்குவது அப்புறம்.