எந்த மணல்? எவ்வளவு மணல்?

வீட்டு முற்றத்தில் பேவர் கல் பாவுவது தில்லியில் இன்று பெருவழக்காகிவிட்டது. கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுதையே செலவிடுகின்றவர்கள், அதன் அடியில் போகும் மணலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. "ஒரு வண்டி மணல் கொட்டு" என்பதோடு சரி. முதல் மழைக்காலம் கழிந்ததும் கற்கள் ஓரிடத்தில் அமிழ்ந்தும் ஓரிடத்தில் மேலெழுந்தும் நிற்கும். பழி கல் விற்றவன் தலையில் விழும். பெரும்பாலும் குற்றம் மணலிலோ, அதற்கும் கீழே உள்ள சல்லித் தளத்திலோதான் இருக்கும்.

இந்த வேலையில் மணலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. கல்லுக்கு அடியில் மெத்தையாகக் கிடப்பது ஒன்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவேயுள்ள 2 முதல் 4 மில்லிமீட்டர் இடுக்கை நிரப்புவது மற்றொன்று. ஒரே மணல் இரண்டையும் செவ்வனே செய்யாது. மெத்தைக்குப் பருமணல் வேண்டும். 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் ஏறக்குறைய முழுவதும் இறங்க வேண்டும். ஆனால் மாவுபோன்ற தூள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மூலை முனையுள்ள பருமணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இடையே புகுந்த மழைநீரும் கீழே வடிந்துவிடும். நுண்மணலோ நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்மேல் ஒரு மோட்டார் வண்டி ஏறினால் குழம்பாகி ஓரங்களில் பிதுங்குகிறது. இடுக்கு நிரப்புவதற்கு மட்டும் நன்றாக உலர்ந்த மெல்லிய மணல் தேவை. அது இறுகினால்தான் ஒரு கல்லின்மீது விழும் பாரத்தை அண்டைக் கற்களும் பகிர்ந்து தாங்கும்.

ஆற்று மணலே சிறந்த மணல் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காவிரி மணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் இயல்பே. அதே நம்பிக்கையோடு தில்லியில் யமுனை மணலை வாங்கி மெத்தையிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இமயத்திலிருந்து நெடுந்தொலைவு உருண்டுவந்து, சமவெளியில் மெதுவாக ஓடும் ஆறு இங்கே படியவிடுவது மெல்லிய, சாம்பல் நிற மணல். வெயிலில் காக்காய்ப்பொன் மினுமினுக்கும். பூச்சு வேலைக்கு அது உகந்தது. கல்லுக்கு அடியில் உகந்ததன்று.

தில்லிக் கொத்தர்கள் பருமணலைப் 'பதர்ப்பூர்' என்பார்கள். நகரின் தென்கிழக்கில் உள்ள ஊரின் பெயர் அது. ஆரவல்லிக் குன்றுகளின் குவார்ட்சைட் பாறை சிதைந்து உண்டான செம்மணல் அப்பக்கத்திலிருந்து வந்ததால் ஊரின் பெயரே மணலுக்கும் ஆயிற்று. பெயர் நிலைத்துவிட்டது; மணல் வந்த வழிதான் அடைபட்டது. மணல் வெட்டிய பட்டிப் பகுதி 1991இல் அசோலா வனவிலங்குச் சரணாலயத்தோடு சேர்க்கப்பட்டது. பரீதாபாத், குர்காவ், மேவாத் மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதியில் சுரங்க வேலையை உச்ச நீதிமன்றம் 2009இல் நிறுத்திவைத்தது. ஆகவே கடைக்காரர் 'பதர்ப்பூர்' என்றதும் தலையசைத்துவிடக் கூடாது. சிவப்பாகவும் பருமனாகவும் இருப்பது எதுவாயினும் அந்தப் பெயரில் வரக்கூடும். கல்லுடைக்கும் ஆலையில் கழித்த தூளும் வரக்கூடும். நன்கு கழுவிச் சலித்த உடைகல் மணலில் குறையில்லை. கழுவாத தூளைத்தான் தள்ள வேண்டும்.

சோதனைக்குக் கூடம் தேவையில்லை. ஈர மணலை ஒரு பிடி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்று, உள்ளங்கையில் சேறும் பூசினால் அதில் வண்டல் மிகுதி. இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு கண்ணாடிச் சீசாவில் மணலும் நீரும் சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைக்கலாம். 10 சென்டிமீட்டர் மணலுக்குமேல் அரை சென்டிமீட்டருக்கு மிகுந்து வண்டல் படிந்தால் அந்த மணலை நான் வாங்கமாட்டேன்.

இனி அளவு. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள முற்றம் என்று கொள்வோம்; பரப்பு 30 சதுர மீட்டர். இறுகிய பின் மெத்தையின் கனம் 30 மில்லிமீட்டர் போதும். 30ஐ 0.03ஆல் பெருக்க 0.9 கன மீட்டர். பலரும் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். பாதி வேலையில் மணல் தீர்ந்துபோகிறது. கொட்டிய மணல் அதிர்வில் இறுகும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 1.08. சிந்துவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் ஏறத்தாழ 1.13.

இதற்குமேல் ஒரு சூட்சுமம் உண்டு. ஈர மணல் உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைக்கும். மணிகளைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாமல் விலக்கி நிறுத்துவதே காரணம். முழுதும் நீரில் மூழ்கினால் அந்த உப்பல் மறைந்துவிடும். இதைக் கொண்டே உப்பலை அளக்கலாம். நேரான பாத்திரத்தில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளர்வாக இடுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து, பாதியளவு நீர் ஊற்றி, அதே மணலை மீண்டும் இட்டுக் கிளறுங்கள். 16 சென்டிமீட்டரில் படிந்தால் உப்பல் 16க்கு 4, அதாவது நூற்றுக்கு 25. அப்படிப்பட்ட மணலானால் நமது முற்றத்துக்கு 1.13 அன்று, 1.41 கன மீட்டர், ஏறக்குறைய 50 கன அடி, வாங்க வேண்டும். கன அடிக் கணக்கில் ஈர மணல் வாங்குகிறவர் நீருக்கும் காற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார் என்பது இதனால் விளங்கும்.

இடுக்கு மணல் சிறிதே ஆகும். 200 × 100 மில்லிமீட்டர் அளவும் 60 மில்லிமீட்டர் கனமும் உள்ள கற்களை 3 மில்லிமீட்டர் இடைவெளியில் பாவினால், 30 சதுர மீட்டருக்கு 0.08 கன மீட்டர். சேதாரத்துடன் மூன்று 50 கிலோ மூட்டை போதுமானது.

சல்லித் தளத்தில் உள்ள மேடுபள்ளத்தை மணலால் சரிக்கட்டலாம் என்று சில கொத்தர்கள் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். 30 மில்லிமீட்டர் ஓரிடத்தும் 70 மில்லிமீட்டர் ஓரிடத்தும் இருந்தால், கனத்த இடம் அதிகமாக இறங்கும். நீங்கள் கண்ட சமமட்டம் சில மாதத்தில் பள்ளமாகும். நீர் வடிய 50க்கு 1 என்னும் சரிவைச் சல்லித் தளத்திலேயே அமைத்துத் திமிசிட்டு இறுக்கிவிட வேண்டும். ஓரக்கல்லையும் முன்னதாகவே பதிக்க வேண்டும். அணையில்லாத மணல் பக்கவாட்டில் நழுவிவிடும். மெத்தையை மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்தபின் அதன்மீது யாரும் கால்வைக்கலாகாது.

கற்களைப் பாவி அதிர்வு இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிய பின், உலர்ந்த நுண்மணலைத் தூவித் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி, மறுபடி இயந்திரத்தை ஓட்ட வேண்டும். இடுக்கு நிரம்பும்வரை இதையே திரும்பச் செய்யலாம். இரண்டு மழை பெய்ததும் மணல் சற்று இறங்கியிருக்கும். அதற்காக மூன்றாவது மூட்டையில் கொஞ்சம் எடுத்து நனையாமல் வைத்திருங்கள்.