கிளினிக்கில் சொல்ல முடியாத குறை

எல்லவிலிருந்து தெமோதரைக்குப் போகும் பாதையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தச் சகோதரியைச் சந்தித்தேன். கிளினிக் கொப்பியையும் மாத்திரை உறைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கூட வந்த மகனுக்குப் பதினான்கு வயதிருக்கும். அவன் கடைப்பக்கம் போனதும் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். பெண்களுக்கான பத்திரிகையில் எழுதுகிறவள் என்று நான் சொன்னதுதான் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

அம்மா இறந்த பிறகு அவருக்கு மலைக்குப் போக மனமில்லாமல் போயிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, கூரையைப் பார்த்தபடியே கிடந்திருக்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே கொடுத்த மருந்தைக் குடித்து ஒன்றரை மாதத்தில் அழுகை நின்றது, தூக்கம் வந்தது.

"ஆனா அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த மாத்திரை குடிக்கத் தொடங்கினதுல இருந்து அவர் பக்கத்துல வந்தாலே எனக்கு ஒண்ணும் தோணுறதில்ல. மரக்கட்டை மாதிரி கிடக்குறேன். முதல்ல பேசாம இருந்தாரு. இப்ப வேற யாரையும் மனசுல வச்சிருக்கியான்னு கேக்குறாரு."

அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் யாருக்கும் சொல்லாமல் இரண்டு தடவை மருந்தை நிறுத்தியிருக்கிறார். இரண்டாவது தடவை, பத்துப் பன்னிரண்டு நாளில், செத்துப் போனால் என்ன என்ற எண்ணம் வந்துவிட்டது. பயந்துபோய் மறுபடியும் குடிக்கத் தொடங்கியிருக்கிறார்.

வைத்தியரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவங்க சிங்களத்துல கேப்பாங்க. தூக்கம் வருதா, சாப்பிடுறியான்னு கேப்பாங்க. அதுக்குத் தலையாட்டிட்டு வந்துருவேன். இதை எப்படிங்க அக்கா சொல்றது? மொழி மாத்திச் சொல்றதுக்கு வர்றது என் மகன்."

சகோதரிகளே, இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன்.

மருந்து செய்கிற வேலை

மனச்சோர்வு நோய்க்கு நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புளுஒக்செடின், செர்ட்ரலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் மாத்திரை உறையிலோ கொப்பியிலோ இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கலாம். இவற்றில் முதல் இரண்டும், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளை நரம்புகளுக்கிடையில் கூடுதல் நேரம் தங்க வைக்கின்றன. அதனால் சில வாரங்களில் பயமும் துக்கமும் தணிகின்றன. ஆனால் அதே செரட்டோனின் கூடும்போது தாம்பத்திய ஆசையைத் தூண்டும் நரம்புச் செய்திகள் அமுங்கிப் போகின்றன. ஆசை குறையலாம், உடல் தயாராவதற்கு நேரம் எடுக்கலாம், உச்ச இன்பம் தாமதிக்கலாம், அல்லது வராமலே போகலாம். ஆண்களுக்கும் இப்படித்தான். விறைப்புக் குறைவதும் விந்து வெளிப்படத் தாமதிப்பதும் உண்டு. மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டு, மருந்தை விட்டுவிட்டுச் சாராயத்துக்குப் போகும் ஆண்களும் இருக்கிறார்கள்.

ஆகவே இது உங்கள் குணத்தில் வந்த குறை அல்ல. அன்பு வற்றிவிட்டது என்பதற்கு அடையாளமும் அல்ல. இருமல் பாணி குடித்தால் தூக்கம் வருவது போல, மருந்து செய்கிற ஒரு வேலை.

புளுஒக்செடின் 1987ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தக் குறை மிகச் சிலருக்கே வரும் என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். 1997இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர்கள் இவ்வகை மருந்து எடுத்த 344 பேரைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாமாகவே குறையைச் சொன்னவர்கள் நூற்றுக்குப் 14 பேர். வைத்தியர் நேரடியாகக் கேட்டபோது ஆமென்றவர்கள் நூற்றுக்கு 58 பேர். ஸ்பெயினிலேயே வாய் திறக்காதவர்கள் இத்தனை பேர் என்றால், மகனை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போகும் நமது பெண்களைப் பற்றி என்ன சொல்ல?

அரைப்பேர்

களைப்பின் கதை வேறு. மனச்சோர்வே ஒரு களைப்பு நோய்தான். கூடையைத் தலையில் மாட்டும்போதே கை கால் கனக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் பலருக்கு இந்தக் கனம் குறையும். சிலருக்கு மருந்தினாலேயே வேறொரு மந்தம் வந்து சேரும். அமிட்ரிப்டிலின் இதற்குப் பேர்போனது. முதுகுவலி, நரம்புவலி, ஒற்றைத் தலைவலி என்று போகிறவர்களுக்கும் இதைச் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. வாய் காய்தல், மலச்சிக்கல், உடம்பு போடுதல், காலையில் தலை தூக்க முடியாத தூக்கம் எல்லாம் இதோடு வரக்கூடியவை.

நகரத்தில் அலுவலகத்துக்குப் போகிறவர் அரை மணி நேரம் பிந்தி எழும்பலாம். பெரட்டுக்குப் போகிறவரால் அது முடியாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மாத்திரை குடித்த மாதத்தில் நாலைந்து நாள் அரைப்பேர் விழுந்தால், மருந்தை நிறுத்து என்று வீட்டில் சொல்லத்தானே செய்வார்கள்? பட்டினிக் கணக்குத் தெரியாமல் மருந்து எழுதக் கூடாது என்பது எனது அபிப்பிராயம். அந்தக் கணக்கை வைத்தியரிடம் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

இரவு பத்து மணிக்குக் குடிக்கும் தூக்க மாத்திரையை ஏழு, எட்டு மணிக்கே குடிக்கலாமா என்று கேளுங்கள். காலை மயக்கம் குறைவதற்குப் பலருக்கு இதுவே போதும். புளுஒக்செடினைப் பொதுவாகக் காலையில் எடுப்பார்கள். இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் களைப்புத்தானே.

எல்லாப் பழியையும் மாத்திரையின் தலையில் போடவும் கூடாது. நமது தோட்டப் பெண்களில் இரத்தச்சோகை உள்ளவர்கள் அதிகம். இரத்தம் குறைந்தால் களைப்பும் வரும், ஆசையும் போகும். சோற்றோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். (தேயிலையோடு வாழ்கிற நமக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!) தைரொயிட் குறைவு, நீரிழிவு, சில பிரஷர் மாத்திரைகள், கருத்தடை ஊசி, மாதவிடாய் நிற்கும் காலம், பால் கொடுக்கும் காலம் ஆகியவையும் இதே குறைகளைக் கொண்டுவரும். நாலரை மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, மாலையில் விறகு தூக்கி, மாமியாரும் பிள்ளைகளும் படுத்திருக்கும் ஒரே காம்பராவில் கண்ணயரும் பெண்ணுக்கு ஆசை எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு மாத்திரை கிடையாது.

எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். நோயோடு சேர்ந்து வந்ததென்றால் நோயின் வேலையாக இருக்கலாம். மனம் தெளிந்த பிறகும், மருந்து தொடங்கிய சில நாட்களிலிருந்து அல்லது வாரங்களிலிருந்து தொடர்கிறதென்றால் மருந்தின் மீது சந்தேகப்படலாம்.

திடீரென்று நிறுத்தினால்

இவ்வகை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் தலைச்சுற்று, குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு வரலாம். செர்ட்ரலின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடுவதால் ஓரிரு நாளிலேயே இது தெரியும். புளுஒக்செடின் மெதுவாகப் போவதால் பிந்தித் தெரியும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். மாத்திரை தீர்ந்துவிட்டால் அடுத்த கிளினிக் வரை சும்மா இருக்காதீர்கள். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி, மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நோய் திரும்பி வருவது. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். அதன் பிறகும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். நான் சந்தித்த சகோதரிக்கு வந்தது போன்ற எண்ணம் யாருக்காவது வந்தால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசுங்கள். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களிடம், படபடப்பும் இப்படியான எண்ணங்களும் கூடுகின்றனவா என்று வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அமிட்ரிப்டிலினை அளவுக்கு மீறி விழுங்கினால் இருதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

வைத்தியரால் என்ன செய்ய முடியும்? சிலருக்கு நாளடைவில் உடம்பு பழகிவிடும் என்பதால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வார். அளவைக் குறைத்துப் பார்ப்பார். அல்லது மருந்தை மாற்றுவார். மிர்டாசபின் என்ற மருந்தில் தாம்பத்தியக் குறை குறைவு. ஆனால் தூக்கமும் பசியும் கூடும். அது எல்லா ஆஸ்பத்திரியிலும் எப்போதும் இருக்குமென்று சொல்ல முடியாது. பால் கொடுக்கும் தாயென்றால் செர்ட்ரலினைப் பெரும்பாலும் விரும்புவார்கள். ஆகவே அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஆசை திரும்பிவிடும். சிலருக்கு நிறுத்திய பிறகும் குறை நீடித்திருக்கிறது. அதை எச்சரிக்கையாக மருந்துக் குறிப்பில் சேர்க்க வேண்டுமென்று 2019இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் சொன்னது. அதற்காகப் பயந்து நோயோடு கிடக்க வேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு குடிப்பது நமது உரிமை.

ஒரு துண்டுக் கடதாசி

அந்தச் சகோதரிக்குச் சிங்களம் தெரியாமலில்லை. பண்டாரவளைச் சந்தையில் மரக்கறிக்கு விலை பேசுகிறவர்தான். ஆனால் இந்த விடயத்துக்கு அவரிடம் சிங்களச் சொல் இல்லை. யோசித்துப் பார்த்தால் தமிழிலும் நம்மிடம் வெட்கமில்லாமல் சொல்ல ஒரு சொல் இல்லைதான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கிளினிக் மேசைக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அது வரும்வரை நாம் ஒரு வழி செய்துகொள்ளத்தான் வேண்டும்.

பஸ் வருவதற்குள் அவருடைய கொப்பிக்குள் வைக்கும்படி ஒரு துண்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். சிங்கள உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் இங்கேயும் தருகிறேன்.

"மே பெஹெத் பொன்ன பட்டன் கத்தாட்ட பஸ்ஸே லிங்கிக ஆசாவ அடு உணா." இந்த மருந்து குடிக்கத் தொடங்கிய பிறகு தாம்பத்திய ஆசை குறைந்துவிட்டது என்று பொருள்.

"தவல்ட நிதிமதயி, வெட கரன்ன பே." பகலில் தூக்கமாக இருக்கிறது, வேலை செய்ய முடியவில்லை என்று பொருள்.

சொல்ல வாய் வராவிட்டால் சிங்களம் எழுதத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு எழுதிக் கொடுக்கலாம். வைத்தியருக்கு அது புதிய செய்தி அல்ல. படித்த பாடம்தான். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று கேட்கலாம். தோட்டத்துக்கு வரும் குடும்ப நல மாதுவிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாம். கருத்தடை பற்றி அவரிடம் பேசியிருக்கிறோமே, இது மட்டும் என்ன?

கணவரிடம் சொல்வதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. "மாத்திரையினாலதான் இப்படி, உங்க மேல வெறுப்பு இல்லேன்னு சொல்லுங்க" என்றேன். "நம்புவாரா அக்கா?" என்றார். அடுத்த தடவை கணவரையே கிளினிக்குக் கூட்டிப் போங்கள், வைத்தியர் வாயால் கேட்கட்டும் என்றேன். அவர் எல்ல டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறவர். வெள்ளைக்காரர்கள் வரும் சீசனில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

மூன்று மாதம் கழித்து அதே பாதையில் அவரை மறுபடியும் கண்டேன். துண்டைக் காட்டியதும் வைத்தியர் மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸைக் கூப்பிட்டாராம். முதலில் அளவைக் குறைத்தார்கள். அழுகை திரும்பும் போலிருந்ததால் பிறகு மருந்தையே மாற்றினார்கள். புது மருந்தில் முதல் இரண்டு வாரம் தூக்கம் தாங்கவில்லை, மூன்று நாள் அரைப்பேர் விழுந்தது. இப்போது பரவாயில்லை என்றார். "முழுசாச் சரியாகல்ல. ஆனா மரக்கட்டை இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மகன் பாடசாலைக்குப் போயிருந்தான். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் அவருடைய கணவர்.